போர்டிகோவில் வண்டியைத் தள்ளக் கூடாது

தொண்ணூறுகளின் கடைசியில் நான் செங்கல்பட்டில் ஒரு நாளிதழுக்கு நிருபராக இருந்தேன். என் அக்காவின் கணவர் மாமல்லபுரத்தில் சொந்தமாக ஒரு டீசல் அம்பாசடர் வைத்து ஓட்டினார். கடற்கரையோர ஓட்டல் ஒன்றின் வாசல்தான் அவருக்கு ஸ்டாண்டு. வேறு பிழைப்பு கிடையாது.

ஓட்டல் சுவரோரம் டாக்சிகள் வரிசையாக நிற்கும். முறை வந்த வண்டி உள்ளே போர்டிகோவுக்குப் போகும். வாசலிலிருந்து அதுவரை லேசான இறக்கம் என்பதால் டீசலை மிச்சம் பிடிக்க உருட்டிக்கொண்டே போவார்கள். போர்டிகோவில் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. புகை உள்ளே போகும். பயணி ஏறி உட்கார்ந்ததும் சாவியைத் திருகினால் வண்டி உடனே கிளம்ப வேண்டும். அங்கே வைத்துத் தள்ளக் கூடாது. எழுதி ஒட்டாவிட்டாலும் எல்லா ஓட்டுநர்களுக்கும் தெரிந்த சட்டம் இது.

மாமாவின் வண்டி அங்கேதான் படுத்துக்கொண்டது. சாவியைத் திருகினால் என்ஜின் அரைச் சுற்று முனகிவிட்டு நிற்கும். விளக்குகள் மங்கிப்போகும். சில நாள் ஒன்றும் ஆகாது. சில நாள் எத்தனை முறை திருகினாலும் அதே முனகல்தான். பக்கத்துப் பூஞ்சேரி மெக்கானிக் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் குறை சொன்னார். மாமா அதைக் கழற்றிக் கோணியில் சுற்றிப் பேருந்தில் செங்கல்பட்டுக்குக் கொண்டுவந்து அதன் காயிலைப் புதிதாகச் சுற்ற வைத்தார். திரும்பும் வழியில் என் வீட்டுக்கு வந்தபோது கோணியை வாசலில் வைக்காமல் மடியிலேயே வைத்திருந்தார்.

"இத்தோட சரியாப் பூடும் மச்சான்" என்றார்.

சரியாகவில்லை. அடுத்த வாரம் வயதான வெளிநாட்டுத் தம்பதி ஒன்று காஞ்சிபுரம் போக ஏறியது. வண்டி கிளம்பவில்லை. நான் அங்கே இல்லை. ஆனால் பிறகு இரண்டு ஓட்டுநர்கள் தனித்தனியாகச் சொன்னது ஒத்துப்போனது. அந்தக் கணவர் சிரித்தபடியே இறங்கி வந்து ஓட்டுநர்களோடு சேர்ந்து காரின் பின்னால் கை வைத்துத் தள்ளினார். மனைவி அதைப் புகைப்படம் எடுத்தாள். வண்டி கிளம்பியது. அவர்களுக்கு ஒரே சந்தோஷம். கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து ஓட்டல் மேலாளர் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை இப்படி நடந்தால் அந்த வண்டி உள்ளே வரக் கூடாது என்று சொல்லியனுப்பினார்.

இரண்டு நாள் கழித்து வண்டி சுவரோரத்திலேயே நின்றுபோனது. அடுத்த வண்டிக்காரர் தன் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்தார். சிவப்பு ஒயரின் கிளிப்பை மாமாவின் பேட்டரியில் மாட்டினார். கறுப்பு ஒயர் பேட்டரி வரைக்கும் எட்டவில்லை. கைக்குக் கிடைத்த இடமாக என்ஜின் மேலேயே கடிக்க வைத்தார். திருகிய வேகத்தில் என்ஜின் பிடித்துக்கொண்டது.

"பாத்தியா அண்ணாத்த, பேட்டரிதான் பூட்ச்சி. இதுக்குப் போயி ஸ்டார்ட்டர அவுத்துகினு பஸ்ஸுல சுத்திகினு இருந்த" என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

மாமா புதுப் பேட்டரி வாங்கினார். வாங்கிய கையோடு மேலாளரைப் பார்த்து, இனி வண்டி நிற்கவே நிற்காது என்று உறுதி சொன்னார். பானெட்டைத் திறந்து பேட்டரியைக் காட்டவும் செய்தார்.

அந்த வாரமே, விமான நிலையத்துக்குப் போக ஒருவர் பெட்டிகளோடு ஏறி உட்கார்ந்த பிறகு, அதே முனகல். மேலாளர் கோபப்படவில்லை. பெட்டிகளை இறக்கிப் பின்னால் நின்ற வண்டியில் ஏற்றச் சொன்னார். மறுநாள் காவலாளி வாசலிலேயே மாமாவைத் தடுத்துவிட்டான்.

அக்கா எனக்கு போன் செய்தாள். "நீ பேப்பர்காரன். அந்தாளாண்ட நீ பேசினா கேப்பாருடா" என்றாள். மறுநாள் காலையில் போனேன். வண்டி பூஞ்சேரி பட்டறையில் இருந்தது.

மெக்கானிக் பானெட்டுக்குள் பார்த்துக்கொண்டே, சுவரோரத்தில் கிளப்பியபோது ஒயரை எங்கே மாட்டினார்கள் என்று கேட்டார். மாமா காட்டினார். மெக்கானிக் ஒரு ஒயரை எடுத்து, பேட்டரியின் மைனஸிலிருந்து நேராக என்ஜினுக்கு மாட்டி, "இப்ப போடு" என்றார். என்ஜின் ஒரே சுற்றில் சீறிக்கொண்டு எழுந்தது.

"பேட்டரியும் இல்ல, ஒண்ணியும் இல்ல. எர்த்து. அன்னிக்கி கறுப்பு ஒயரு என்ஜின் மேலயே கடிச்சதாலதான் புட்ச்சிகிச்சி. நானும் பாக்காம உட்டுட்டேன்" என்றார்.

பேட்டரியைத் தூக்கினார். பேட்டரியின் மைனஸை வண்டியின் உடம்போடு சேர்க்கும் எர்த் ஒயரை முடுக்கியிருந்த தகடு துருப்பிடித்து பிஸ்கட் போல உதிர்ந்தது. ஸ்க்ரூடிரைவரால் குத்தியபோது ஓட்டை விழுந்து கீழே தரை தெரிந்தது.

"தண்ணி அடிச்சி கழுவுவியா?"

"தெனமும் காலீல. உள்ள கூட பளபளன்னு வெச்சிருப்பேன்."

"போர் தண்ணியா?"

மாமா தலையாட்டினார். கடலோரத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், வாயில் வைக்க முடியாத உப்பு. வண்டி அழுக்காக இருந்தால் ஓட்டலில் சவாரி தரமாட்டார்கள் என்று விடியுமுன் எழுந்து பானெட்டைத் திறந்து ஓஸ் பைப்பால் தண்ணீர் அடித்தவர் அவர். தகராறு தொடங்கிய பிறகு இன்னும் கவனமாகக் கழுவினார்.

மெக்கானிக் தடித்த ஒயர் ஒன்றை நிரந்தரமாகப் பொருத்தினார். மாமா நம்பாமல் பலமுறை அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் வண்டி கிளம்பியது.

நேராக ஓட்டலுக்குப் போனோம். நான் பத்திரிகைக்காரன் என்று சொன்ன பிறகே காவலாளி விட்டான். மேலாளர் போர்டிகோவுக்கு வந்து எங்களிடம் மரியாதையாகவே பேசினார். பழுது எங்கே இருந்தது, எப்படிக் கண்டுபிடித்தோம் என்று முழுக்கச் சொன்னேன். பாதியிலேயே அவர் கண் கதவுப் பக்கம் போனது.

"இப்ப பாருங்க சார்" என்று மாமா சாவியைத் திருகினார். வண்டி உடனே கிளம்பியது.

"கிளம்புது" என்றார் மேலாளர். "பேட்டரி மாத்தினப்பவும் நீங்க இதையேதான் காட்டினீங்க. சார், நீங்களே சொல்லுங்க. ஃபிளைட்டுக்குப் போற கெஸ்டை எதை நம்பி இதுல ஏத்தறது?"

அவர் இடத்தில் இருந்திருந்தால் நானும் ஏற்றியிருக்க மாட்டேன். அவர் கை கூப்பிவிட்டு உள்ளே போனார்.

மாமா என்ஜினை அணைத்தார். மறுபடியும் திருகினார். கிளம்பியது. அணைத்தார், திருகினார். கண்ணாடிக் கதவு மூடியே இருந்தது. காவலாளி ஓடிவந்து ஜன்னலில் குனிந்தான்.

"அண்ணாத்த, எட்துடு. பின்னாடி சவாரி வண்டி நிக்கிது. பேஜாரு பண்ணாத."

மாமா எடுத்தார். வாசலுக்கு வெளியே வந்ததும் வண்டியை நிறுத்தினார். இந்த ஊரில் இத்தனை வருடம் டாக்சி ஓட்டியவர், எந்தப் பக்கம் திரும்புவது என்று என்னைக் கேட்டார்.