கண்ணாடியைக் கழற்றிப் பார்த்த வால்வெள்ளி

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகும் ரோட்டில் இடது கைப் பக்கம் ஒரு ஹாலோ பிளாக் பட்டறை இருக்கிறது. அது நான் கட்டியது. பொட்டல் காடாகக் கிடந்த இடம். போர் போட்டால் புழுதிதான் வரும் என்றார்கள், தண்ணீர் வந்தது. பட்டறைக்குப் பின்னால் நிற்கிற மாடி வீடும் நான் கட்டியதுதான். அதில் ஒரு கல்கூட வெளியில் வாங்கியதில்லை, எல்லாம் என் அச்சில் விழுந்த கல். டிப்பர் வண்டிகள் என் சம்பாத்தியம். பெண்கள் இருவரையும் காலேஜ் வரைக்கும் படிக்க வைத்தேன். தா.பழூர் வரை போய்ப் பாருங்கள், புதிதாகக் காம்பவுண்டுச் சுவர் எங்கே நின்றாலும் அதில் பாதி என் கல்லாகத்தான் இருக்கும். எறையூர் ஆலைக்குக் கரும்பு வெட்டப் போன குடும்பத்தில் பிறந்து, நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் இவ்வளவும் செய்திருக்கிறேன். யாருமே கை கொடுக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கொடுத்த கைகள் கம்மி.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்த கதை. தெரியாத கதை ஒன்று இருக்கிறது. கொஞ்ச காலத்துக்கு முன்பு மேற்கு வானத்தில் ஒரு வால்வெள்ளி வந்து போனதே, அது எவ்வளவு வெளிச்சமாக இருந்தது, எப்படி மங்கியது என்று தினமும் அளந்து சொன்னவர்களில் நானும் ஒருவன். பைனாகுலர், டெலஸ்கோப் எதுவும் என்னிடம் கிடையாது. என் கெட்ட கண்தான் கருவி.

அந்தக் கண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் எனக்குத் தூரத்துப் பொருள் எதுவும் தெரியாது. தெரியவில்லை என்பதும் தெரியாது. எல்லாருக்கும் உலகம் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். கரும்பலகையில் வாத்தியார் எழுதுவதை மற்ற பிள்ளைகள் எப்படிச் சொல்கிறார்கள் என்பது எனக்கு மந்திரம் மாதிரி இருந்தது. மக்கு என்று முடிவு கட்டி அப்பா அரிவாளைக் கையில் கொடுத்துவிட்டார். கரும்பு கிட்டத்தில் இருக்கிற பொருள், அதை வெட்டக் கண்ணாடி தேவையில்லை. வளர்ந்து லைசென்ஸ் எடுக்கப் போனபோதுதான், எதிரில் மாட்டியிருந்த எழுத்துகளைப் படி என்றார்கள், நான் எந்த எழுத்து என்று கேட்டேன். முதல் கண்ணாடி அப்போது வந்தது.

கண்ணாடி போட்ட அன்றைக்குச் சாயங்காலம் வாசலில் நின்று மேலே பார்த்தேன். அதுவரைக்கும் நட்சத்திரம் என்றால் எனக்குப் பஞ்சு உருண்டை. அன்றைக்கு ஒவ்வொன்றும் ஊசி முனையாகக் குத்திட்டு நின்றது. கழற்றினால் பஞ்சு, மாட்டினால் ஊசி. கழுத்து வலிக்கும் வரை கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றேன்.

அதற்குப் பல வருடம் கழித்து, ஒரு பங்குனியில், பொழுது சாய்ந்த நேரம். கண்ணாடி போட்டுக்கொண்டிருந்தும் வானத்தில் ஒன்று மட்டும் பஞ்சாகவே தெரிந்தது. துண்டால் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். சுற்றிலும் எல்லாம் ஊசி, அது மட்டும் பஞ்சு. பவர் கூடிவிட்டது, மறுபடி கண் டாக்டரிடம் போக வேண்டும் என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "உங்க கண்ணுல ஒண்ணும் இல்லீங்க. அது வால்வெள்ளி. அதோட ஒடம்பே அப்படித்தான்" என்றாள். ரேடியோவில் கேட்டிருக்கிறாள். எனக்கு ஒரே சந்தோஷம். நான் சின்ன வயதில் பார்த்த மாதிரியே எந்தக் கண்ணாடி போட்டாலும் தெரிகிற ஒரு பொருள் வானத்தில் இருக்கிறது. அன்றிலிருந்து வால்வெள்ளி என்றால் எனக்குச் சொந்தக்காரன் மாதிரி.

சமீபத்திய வால்வெள்ளிக்கு வருகிறேன். பெரம்பலூரில் ஒரு காலேஜில் பாடம் நடத்துகிற மேடம் காம்பவுண்டுச் சுவருக்குக் கல் பார்க்க வந்திருந்தார்கள். விலை பேசி முடிக்கும்போது பொழுது இறங்கிவிட்டது. மேடம் கல்லை விட்டுவிட்டு மேற்கே பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்னவென்று கேட்டேன். இன்னும் சில நாளில் அங்கே ஒரு வால்வெள்ளி தெரியப் போகிறது, நாங்கள் சில பேர் வெவ்வேறு ஊரிலிருந்து அதன் வெளிச்சத்தை அளக்கப் போகிறோம், உங்கள் பட்டறையில் மேற்கு நன்றாகத் திறந்து கிடக்கிறது என்றார்கள். உண்மைதான். கிழக்கே அரியலூர்ப் பக்கம் சிமெண்டு ஆலைகளின் வெளிச்சம் வானத்தை வெளுக்க வைத்துவிடும். மேற்கில் அந்தத் தொல்லை குறைவு.

வெளிச்சத்தை எப்படி அளப்பீர்கள் என்று கேட்டேன். பக்கத்திலிருக்கும் நட்சத்திரங்களோடு ஒப்பிட்டுத்தான் என்றார்கள். ஒன்று வால்வெள்ளியைவிடப் பிரகாசமாக இருக்க வேண்டும், ஒன்று மங்கலாக இருக்க வேண்டும், இரண்டுக்கும் நடுவில் வால்வெள்ளி எங்கே உட்காருகிறது என்று சொல்ல வேண்டும். பள்ளிக்கூட ரேங்க் மாதிரி, எண் சின்னதாக இருந்தால் வெளிச்சம் பெரிது. ஆனால் ஒரு சிக்கல், நட்சத்திரம் புள்ளி, வால்வெள்ளி பரந்து கிடப்பது. புள்ளியையும் பரப்பையும் ஒப்பிட்டால் கண் ஏமாந்துவிடும். அதனால் பைனாகுலரைத் திருகி, நட்சத்திரத்தையும் வால்வெள்ளி அளவுக்குக் கலங்கலாக்கிக்கொண்டு பார்ப்போம் என்றார்கள்.

நான் என் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினேன். "நீங்க திருகித் திருகிப் பண்றத எனக்குப் பொறக்கும்போதே பண்ணி அனுப்பிச்சுட்டாங்க மேடம்" என்றேன். மேடம் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார்கள். "ஐயா, நீங்களும் பாருங்க" என்றார்கள். படிக்காதவன் என்று அவர்கள் தயங்கவில்லை. அதற்கு என் நன்றி எப்போதும் உண்டு.

வால்வெள்ளி சொன்னபடி வந்தது. கல்லுக்குத் தண்ணீர் காட்டி முடிக்கிற நேரம், கீழே வெள்ளி எரிந்துகொண்டிருக்கும், வலது பக்கம் சுவாதி நட்சத்திரம், இடையில் வாலைத் தூக்கிக்கொண்டு நம் ஆள். பட்டறை விளக்கை அணைக்கச் சொல்லிவிடுவேன். கல் அடுக்குகிற அம்மா ஒருவர் வால் நட்சத்திரம் பார்த்தால் ஆகாது என்று முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு போனார். உனக்கு ஆகாதது எல்லாம் எனக்கு ஆகும் என்று சொல்லி அனுப்பினேன். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வேன். சுவாதி பஞ்சு, வால்வெள்ளி பஞ்சு. எந்தப் பஞ்சு கனமான பஞ்சு என்று பார்ப்பேன். வாட்ஸ்அப்பில் மேடத்துக்குப் பேசி அனுப்புவேன். மற்ற ஊர்க்காரர்கள் சொன்னதும் நான் சொன்னதும் ஒட்டிப் போயின. மேடம் அதைப் படமாக வரைந்து அனுப்பினார்கள். ஒரு கோடு சாய்வாக இறங்கியது, அதன் மேல் என் புள்ளிகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வாழ்க்கையில் முதல்முறையாகப் பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு நடுவில் என் புள்ளி உட்கார்ந்திருக்கிறது. அந்தப் படத்தைப் பெண்கள் இருவருக்கும் அனுப்பினேன், சிமெண்டு ஏஜெண்டுக்கும் அனுப்பினேன்.

அந்த நேரம் பார்த்து என் கண்ணில் புரை முற்றிவிட்டது. டிப்பரைப் பின்னால் எடுக்கும்போது என் கல் அடுக்கையே இடித்துத் தள்ளினேன். மனைவி பிடித்துக்கொண்டாள், ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று. டாக்டரிடம் போனோம். வலது கண்ணை உடனே செய்யலாம் என்றார்.

"கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்க சார். ஒருத்தர் வந்திருக்காரு, அவரு போகட்டும்" என்றேன்.

யார் என்று கேட்டார். நான் மேலே கை காட்டினேன். டாக்டர் சின்ன வயசுக்காரர், என் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்படியெல்லாம் பேசக் கூடாதுங்கய்யா, அவரு கூப்பிட இன்னும் நாள் கெடக்கு" என்றார். என் மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அவரு இல்லீங்க டாக்டர், இது வேற. வால் இருக்கறது" என்றாள்.

தள்ளிப் போடவில்லை. செய்துகொண்டேன். கட்டுப் பிரித்ததும் சுவரில் இருந்த பல்லியின் கண்கூடத் தெரிந்தது. கண்ணாடி இல்லாமல், ஊசி முனையாக, வெள்ளை வெளேரென்று. டாக்டருக்குக் கும்பிடு போட்டுவிட்டு வந்தேன். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு ஒரு கண்ணாலேயே ஊரைச் சுற்றிப் பார்த்தேன். என் கல்லில் இவ்வளவு நெளிவு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, அச்சை மாற்றச் சொன்னேன்.

சாயங்காலம் கறுப்புக் கண்ணாடியைத் தூக்கிவிட்டு மேற்கே பார்த்தேன். நட்சத்திரங்கள் ஜொலித்தன. வால்வெள்ளி பாவம், சோகை பிடித்த மாதிரி இருந்தது. அடடா, வெளிச்சம் விழுந்துவிட்டதே என்று மேடத்துக்குச் சொல்லி அனுப்பினேன். அடுத்த நாளும், அதற்கு அடுத்த நாளும் அதேதான் சொன்னேன். வால்வெள்ளி அணைந்துகொண்டிருக்கிறது என்று அளக்கிறவர்களின் வாட்ஸ்அப் குரூப்பிலும் அறிவித்தேன்.

மேடம் போன் செய்தார்கள். மங்குவது உண்மைதான், ஆனால் படிப்படியாக மங்குகிறது, வேறு யாருக்கும் இப்படித் தொப்பென்று விழவில்லை என்றார்கள். அவங்க கண்ணு அப்படி மேடம் என்றேன்.

"உங்க கண்ணு எப்படீங்கய்யா இருக்கு?"

"புதுசு மேடம். இந்த ஜில்லாவுலயே இப்படிக் கண்ணு கெடையாது."

மேடம் மெதுவாகக் கேட்டார்கள், நட்சத்திரம் இப்போது பஞ்சாகத் தெரிகிறதா, புள்ளியாகத் தெரிகிறதா என்று. எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. நட்சத்திரம் ஊசியாகிவிட்டது, வால்வெள்ளி பஞ்சாகவே இருக்கிறது. ஊசியோடு பஞ்சை ஒப்பிட்டு மங்கல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். பழையபடி கண்ணாடியைக் கழற்றிப் பார்க்க முடியாதா என்றார்கள். இடது கண்ணில் புரை மூடி வெறும் புகைதான், அது உதவாது. "கழட்டறதுக்கு என்ன இருக்கு மேடம், உள்ளயே வச்சு அனுப்பிட்டாங்க" என்றேன். சரி, அதுவரைக்கும் நீங்கள் கொடுத்தது போதும் ஐயா, ரொம்ப உதவி, ஓய்வெடுங்கள் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஆனால் எனக்குச் சோறு இறங்கவில்லை. வால்வெள்ளி இன்னும் வானத்தில் இருக்கிறது, மற்றவர்களின் புள்ளிகள் போய்க்கொண்டே இருக்கும், என் வரிசை பாதியில் நின்றுவிடும். அரைச் சுவரில் கொத்தனாரை இறக்கிவிட்ட மாதிரி.

மறுநாள் பொழுது சாய்ந்ததும் வாசலில் உட்கார்ந்திருந்தேன், என் மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். குரூப்பில் ஏதோ செய்தி வந்தது. புதுக் கண்ணுக்குத் தூரம் தெரியும், கிட்டத்து எழுத்து தெரியாது. படிக்கிற கண்ணாடி ஒரு மாதம் கழித்துத்தான் கொடுப்பேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளுடைய படிக்கிற கண்ணாடியை வாங்கி மாட்டிக்கொண்டு செய்தியைப் பார்த்தேன். இன்றைக்கு மேகம் இல்லை, எல்லாரும் பாருங்கள் என்று போட்டிருந்தது. கழற்ற மறந்து அப்படியே தலையைத் தூக்கினேன்.

வானம் முழுக்கப் பஞ்சு.

சின்ன வயதில் பார்த்த அதே வானம். எழுந்து நின்றுவிட்டேன். என்னங்க ஆச்சு என்று அவளும் பதறி எழுந்தாள். கண்ணாடியைத் தொட்டுக் காட்டி, இது போதும், இதை இந்த வால்வெள்ளி போகிற வரைக்கும் எனக்குக் கொடுத்துவிடு என்றேன்.

"கழட்டுனாத்தான் தெரியும்னு ஊரெல்லாம் சொன்ன ஆளு, இப்ப மாட்டுனாத்தான் தெரியும்ங்கறீங்க. நான் எதப் போட்டுக்கிட்டு அரிசி பொறுக்கறது?" என்றாள். சொல்லிவிட்டுக் கொடுத்தாள். அந்த நாட்களில் எங்கள் சோற்றில் கல் இருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அன்றைக்குப் பார்த்ததை எப்படிப் பார்த்தேன் என்று சொல்லாமல் அனுப்பினேன். மற்றவர்களோடு ஒட்டிப் போனது. மேடம் உடனே போன் செய்து எப்படி என்று கேட்டார்கள். வூட்டுக்காரம்மா கண்ணாடி என்றேன். அவர்கள் சிரித்த சிரிப்பு பக்கத்தில் நின்ற என் மனைவிக்கும் கேட்டது. வால்வெள்ளி கண்ணுக்கு மறைகிற வரைக்கும் என் புள்ளிகள் போய்க்கொண்டிருந்தன. மக்கு என்று பெயர் வாங்கிக் கொடுத்த கண், என்னைப் படித்தவர்கள் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தியது. ஆபரேஷன் செய்த டாக்டருக்கும், விட்டுவிடாமல் போன் செய்து கேட்ட மேடத்துக்கும், அரிசி பொறுக்கக் கண்ணாடி இல்லாமல் இருந்தவளுக்கும் நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஒரே ஒரு மனத்தாங்கல். அரியலூரில் ஒரு பள்ளிக்கூடக் கண்காட்சியில் அந்தப் படத்தைப் பெரிதாக அச்சடித்து மாட்டியிருந்தார்கள். குடும்பத்தோடு போனோம். கோடு இருக்கிறது, என் புள்ளிகள் பச்சை நிறத்தில் இருக்கின்றன, கீழே பெரம்பலூர் என்று போட்டிருக்கிறது. பெரம்பலூரா போய்க் கழுத்து வலிக்கப் பார்த்தது? நடுவில் மூன்று நாள் காலியாக இருக்கிறது. மேடத்திடம் கேட்டேன். அது தப்பான அளவு ஐயா, உங்களுக்குக் கெட்ட பேர் வரக் கூடாது என்றுதான் எடுத்துவிட்டேன் என்றார்கள். நல்ல மனசு, எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் காலி இடத்தைப் பார்க்கிறவன் என்ன நினைப்பான்? கண் ஆபரேஷன் செய்துகொண்டு கிழவன் படுத்துக் கிடந்தான் என்று நினைப்பான். நான் படுக்கவில்லை. மனைவி திட்டத் திட்ட, பட்டறையில் நின்று பார்த்தேன். பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன்.

மேடம், இது உங்கள் கண்ணில் படும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அந்த மூன்று புள்ளிகளையும் திரும்பப் போடுங்கள். சிவப்பில் போடுங்கள், விழுந்த இடத்திலேயே போடுங்கள். புதுக் கண்ணால், கண்ணாடி இல்லாமல் பார்த்தது என்று ஒரு வரி எழுதுங்கள். நாளைக்கு யாராவது ஆபரேஷன் முடித்துவிட்டு வானத்தைப் பார்த்தால் அவருக்கு உதவும். சரியானதும் என்னுடையது, தப்பானதும் என்னுடையது. பெரம்பலூர் என்று இருக்கிற இடத்தில் என் பேரைப் போடுங்கள். இன்ஷியலோடு.