சம்பங்கிக் கிழங்குப் பஞ்சம்

செடி வளர்க்கிற பெண்கள் நாலு பேர் கூடினால் எப்படியும் இந்தப் பேச்சு வந்துவிடும். சம்பங்கிக் கிழங்கு எங்கே கேட்டாலும் இல்லையாம், நர்சரிக்காரன் அடுத்த மாசம் வாங்க என்கிறானாம். மழை மேல் ஒருத்தி பழி போடுவாள், பூச்சி மேல் இன்னொருத்தி. நான் வாயே திறப்பதில்லை. எனக்கு ஒரு காரணம் தெரியும். அதைச் சொன்னால் என் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும். ஏறட்டும், இனிமேல் எனக்கென்ன.

2005ஆம் வருஷக் கடைசியில் அடித்த மழையைக் கடலூர்க்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சம்பங்கிக்கு எல்லாம் ஆகும், தேங்கின தண்ணீர் மட்டும் ஆகாது. பத்து நாள் தண்ணீர் நின்றால் கிழங்கு கொழகொழவென்று அழுகிப் போகும். மேல்பட்டாம்பாக்கம் பக்கம் ஏக்கர் கணக்கில் போட்டிருந்தவர்களுக்கே விதைக்கு ஒரு கூடை மிஞ்சவில்லை. திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக் கொல்லையில் மட்டும் இரண்டு பாத்தியும் அப்படியே நின்றன. என் சாமர்த்தியம் ஒன்றும் இல்லை. வீடு கட்டி மிஞ்சின மணலைக் கொட்டி மேடாக்கிய இடம் அது, தண்ணீர் ஏறவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் எனக்குத் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை தோறும் என் கையால் கட்டிய சம்பங்கி மாலை கோயிலுக்குப் போகும். "மார்க்கெட்லயே பூ இல்ல, உங்க வீட்ல மட்டும் எப்படிம்மா?" என்று குருக்கள் எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்பார். நான் புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, "எல்லாம் அவன் குடுக்குறது சாமி" என்பேன். அடக்கமாம்! உள்ளுக்குள் குதியாட்டம் போட்டது எனக்குத்தானே தெரியும்.

அந்தத் தை மாசம் என் நாத்தனார் வந்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை, சிதம்பரத்துக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. அவள் புருஷன் மலேசியா போனவன், ஆறு மாசம் போன் பேசினான், அப்புறம் அதுவும் இல்லை. மூன்றாவது படிக்கிற பெண்ணை வைத்துக்கொண்டு அவள் புருஷனின் அண்ணன் வீட்டில் இருந்தாள். பிள்ளைக்கு ஒரு நோட்டு வாங்க வேண்டுமென்றாலும் ஓரகத்தி முகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் கேட்க வேண்டும்.

"அண்ணி, கொஞ்சம் கெழங்கு குடுங்க. கெணத்து மேட்டுல ஒரு துண்டு எடத்த எனக்கு வுட்டுருக்காரு அவுங்க அண்ணன். ஒரு வருஷம் பாப்பாராம். பூ வந்தா எடம் எனக்கு, வரலன்னா திருப்பி எடுத்துக்குவாராம். கீழ வீதி பூக்கடையில சொல்லிட்டேன், எவ்ளோ வந்தாலும் எடுத்துக்குறேன்னுட்டாங்க. எம் பொண்ணுக்கு நானே செஞ்சிக்குவேன், யாரு மூஞ்சியையும் பாக்க வேணாம்."

அவள் முகத்தில் அத்தனை தெளிவை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. இருந்தும் என் வாயில் என்ன வந்தது தெரியுமா? "பூக்குற செடிய எப்படிம்மா தோண்டுறது? எல பழுக்கட்டும்."

சொன்னது பொய் இல்லை. இலை பழுத்த பிறகு தோண்டி, ஒரு மாசம் நிழலில் காயப்போட்டு, ஆனி ஆடியில் நட வேண்டும். அதனால்தான் கேட்ட நேரத்துக்குக் கிழங்கு கிடைப்பதில்லை. அதோடு, தோண்டிக் கொடுக்கிறவளுக்கு அந்த வருஷப் பூ போச்சு. யாருக்கு மனசு வரும்? பாத்தியை மூன்று நான்கு வருஷம் தோண்டாமலே ஓட்டுவோம். தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று ஒரு பழமொழி வேறு கைவசம் இருக்கிறது. ஊரில் கிழங்கு இல்லாமல் இல்லை. ஒவ்வொருத்தி கொல்லையிலும் மண்ணுக்குள் இருக்கிறது.

சித்திரையில் இலை பழுத்தது. நான் மண்வெட்டியைத் தொடவில்லை. வைகாசியில் வீட்டுக்காரர் கேட்டார்.

"தங்கச்சிக்குத் தோண்டலயா?"

"தோண்டலாம், என்ன அவசரம்?"

"அவளுக்குக் குடுக்காம வேற யாருக்குடி குடுக்கப்போற?"

சொல்லிவிட்டு அவரே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் ஒரு பாத்தியை முழுசாகத் தோண்டிப் போட்டுவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது. கிழங்கை எல்லாம் கார் ஷெட்டில் சாக்கு விரித்துக் கொட்டினேன். காய்ந்ததும் உட்கார்ந்து தரம் பிரித்தேன். பெரிய நெல்லிக்காய் அளவு இருப்பது ஒரு பக்கம், வேர்க்கடலை அளவு இருப்பது ஒரு பக்கம்.

சம்பங்கி வளர்க்கிற யாருக்கும் தெரிந்த விஷயம் இது. பெரியது போட்டால் மூன்று நான்கு மாசத்தில் தண்டு விடும். சின்னது போட்டால் முதல் வருஷம் வெறும் இலைதான். எனக்கு அது தெரியாது என்று எழுத ஆசையாக இருக்கிறது. தெரியும். அவளுக்குத் தெரியாது என்பதும் தெரியும். ஒரு வருஷக் கெடு என்று அவள் சொன்னதும் நினைவிருந்தது. எல்லாம் தெரிந்துதான் சின்னதை ஒரு மூட்டையாகக் கட்டினேன். பெரியதை எல்லாம் என் பாத்தியிலேயே திரும்ப நட்டேன். மூட்டை பார்க்க நிறைவாக இருந்தது. வீட்டுக்காரர் சந்தோஷமாகச் சிதம்பரம் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்.

அப்புறம் ஒரு ரூபாய் காயின் போனிலிருந்து அவள் கூப்பிட ஆரம்பித்தாள். "எல தளதளன்னு வந்திருக்கு அண்ணி!" என்றாள் ஒரு தடவை. "கார்த்திகை பொறந்துடிச்சி, தண்டே காணோமே அண்ணி, எரு ஜாஸ்தி ஆயிடிச்சோ?" என்றாள். பங்குனியில், "நான் எதாச்சும் தப்பா செஞ்சிட்டேனா அண்ணி?" என்று கேட்டாள்.

"வரும் வரும், பொறு" என்றேன். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறவள் எப்படிப் பேசுவாளோ அப்படியே இருந்தது என் குரல். சீ, என்ன ஜென்மம்!

மறுவருஷம் ஆனித் திருமஞ்சனத்துக்குச் சிதம்பரம் போனோம். கோயிலை முடித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனபோது கிணற்று மேட்டில் புருஷனின் அண்ணன் கடப்பாரையோடு நின்றிருந்தார். பாத்ரூம் கட்ட அஸ்திவாரம் எடுக்கப் போகிறாராம். செடிகளை எல்லாம் பிடுங்கி ஓரமாகப் போட்டிருந்தது.

என் வீட்டுக்காரர் தாங்க முடியாமல் கேட்டார். "இன்னும் கொஞ்ச நாள் வுடக்கூடாதா மச்சான்?"

"ஒரு வருஷம்னேன், ஒரு வருஷம் குடுத்தேன் மச்சான். வெறும் கோரையா வளந்து கெடக்கு. நான் என்ன பண்றது?"

அந்த மனுஷனைத் திட்ட எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. சொன்ன சொல் மாறாதவர் அவர். பிடுங்கிப் போட்டிருந்த குவியல் பக்கம் நான் போனேன். நாலைந்து தூரில் நடுவே பச்சையாகத் தண்டு கிளம்பியிருந்தது. இன்னும் இருபது நாள் விட்டிருந்தால் பூத்திருக்கும்.

நாத்தனார் காபி கொடுத்தாள். அடுத்த வாரம் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போவதாகச் சொன்னாள். ஹாஸ்டலில் பிள்ளையைச் சேர்க்க மாட்டார்களாம், அதனால் பெண் இங்கேயே பெரியம்மாவிடம் இருக்குமாம். அந்தப் பெண் நிலைப்படியில் உட்கார்ந்து எங்கள் யாரையும் பார்க்காமல் பல்லாங்குழிச் சோழியை உருட்டிக்கொண்டிருந்தது. "நான் பாத்துக்குறேன், எங்க வீட்டுக்கு அனுப்பு" என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை.

கிளம்பும்போது அவள் உள்ளேயிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்து வந்தாள். கனமாக இருந்தது.

"எடுத்துக்கிட்டுப் போங்க அண்ணி, இங்க கெடந்து வீணாத்தான் போவும். பெருசா பாத்து எடுத்து வச்சிருக்கேன். சின்னது மொத வருஷம் பூக்காதாமே, பூக்கடைக்காரம்மா சொன்னாங்க."

குரலில் கோபம் இல்லை. என் கண்ணை மட்டும் நேராகப் பார்த்தாள். வீட்டுக்காரர் ஒன்றும் புரியாமல், "வாங்கிக்கயேன், ஊருல எங்கயும் கெடைக்கலயே" என்றார்.

பைக்குள் பார்த்தேன். எல்லாம் முழு நெல்லிக்காய் அளவு. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். நான் பையை வாங்கிக்கொண்டேன்.