கழற்றிப் பார்க்காத சக்கரம்

மூன்று வருடத்துக்கு முந்தைய சித்திரை மாதம். ஓசூரைத் தாண்டி, கர்நாடக எல்லையை ஒட்டிய ஜூஜுவாடியில் லாரிப் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும். கிரானைட் கல் ஏற்றும் லாரி ஒன்று வந்து நின்றது. டிரைவர் எனக்குப் பழக்கமானவர், நாகரசம்பட்டிக்காரர், முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும்.

“இடது பக்கம் இழுக்குதுண்ணா. சும்மா ஓட்டினா நேராத்தான் போவுது. பிரேக் அடிச்சாத்தான் இழுக்குது” என்றார்.

இழுக்கிறது என்ற சொல் காதில் விழுந்ததும் என் மனது ஸ்டியரிங் பக்கம் போய்விட்டது. இருபது வருட அனுபவம் என்ற திமிர். முன்பக்கம் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தை ஆட்டினேன். ஸ்டியரிங் கம்பியின் முனையில் இருந்த பந்து தேய்ந்து லொடலொடவென்று ஆடியது. கண்டுபிடித்துவிட்டோம் என்று எனக்குள் ஒரு திருப்தி. அதை மாற்றினேன், சக்கரங்களை நேர்செய்தேன்.

“சக்கரத்தைக் கழட்டி பிரேக்கைப் பாக்கலியாண்ணா?” என்று கேட்டார்.

“பிரேக் டேங்குல காத்து முழுசா ஏறி நிக்குது. பிரேக்குல ஒண்ணும் இல்ல, போப்பா” என்றேன்.

காலி வண்டியை சர்வீஸ் ரோட்டில் மெதுவாக ஓட்டி, லேசாக பிரேக் அடித்துப் பார்த்தேன். நேராகத்தான் நின்றது. அவர் முகத்தில் சந்தேகம் போகவில்லை. ஆனாலும் என்னை நம்பிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து, சூளகிரி தாண்டி ஓர் இறக்கம். வண்டியில் பெரிய கல். முன்னால் போன பஸ் திடீரென்று நின்றது. இவர் முழு பலத்தோடு பிரேக்கை மிதித்தார். வண்டி இடது பக்கம் வெட்டிக்கொண்டு இறங்கிப் புளியமரத்தில் மோதியது. பின்னால் இருந்த கல், சங்கிலியை அறுத்துக்கொண்டு வந்து கேபினை நசுக்கியது. அவருடைய வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

டிரைவர் வேகமாக ஓட்டினார் என்று கேஸ் முடிந்தது. லாரி ஓனர் வண்டியை என் பட்டறைக்கே இழுத்து வந்தார். அன்றுதான் முன்பக்கத்து வலது சக்கரத்தைக் கழற்றினேன். உள்ளே கிரீஸை அடைத்து வைக்கும் சீல் கிழிந்து, கிரீஸ் கசிந்து, பிரேக் லைனர் முழுக்க ஊறிக் கறுத்திருந்தது. அந்தப் பக்கம் பிரேக் பிடிக்கவே இல்லை. இடது பக்கம் மட்டும் பிடித்திருக்கிறது, அதனால்தான் அந்தப் பக்கமே இழுத்திருக்கிறது. அன்றைக்கே கழற்றியிருந்தால் ஒரு மணி நேர வேலை. கழற்றிவைத்த பிரேக் டிரம்முக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஓனரிடம் சொன்னேன். “கேஸே முடிஞ்சிபோச்சி. இப்ப சொல்லி என்ன ஆவப்போவுது, விடுப்பா” என்றார்.

விட முடியவில்லை. நாகரசம்பட்டிக்குப் போனேன். டிரைவர் கட்டிலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்தார். பார்த்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. சுருட்டி மடித்துவிட்ட லுங்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பயத்துல நான்தான் ஸ்டியரிங்க இடது பக்கம் ஒடிச்சிட்டேன்னு நெனச்சிட்டிருந்தேன். ஆஸ்பத்திரியில கேட்டவங்ககிட்டல்லாம் அப்படித்தான் சொன்னேன்” என்றார். பிறகு நிமிர்ந்து, “அப்ப அன்னிக்கு பிரேக்கப் பத்தி நான் சொன்னது சரிதானேண்ணா?” என்று கேட்டார்.

“சரிதான்” என்று சொன்னேன். நான் தொடாத காபியை அவர் மனைவி எடுத்துக்கொண்டு உள்ளே போனார், திரும்பி வரவில்லை. யாராவது என்னைத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

போலீஸ் ஸ்டேஷனிலும் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான். இப்போது அவர் மனைவி ஓசூரில் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டேன். அதன்பிறகு அந்த வீட்டுக்குப் போகும் தைரியம் எனக்கு வரவில்லை.

ஒரு கோளாறு கிடைத்ததும் தேடுவதை நிறுத்திவிடக் கூடாது என்பது இன்று எனக்கு நன்றாகத் தெரியும். அது தெரிந்திருப்பதால் அந்த மனிதருக்கு ஒரு பயனும் இல்லை என்பதும் தெரியும்.