காலேஜுக்குச் சம்பந்தம் பேசப் போனவர்

ஸ்ரீரங்கத்தில் என் மைத்துனர்தான் இதைச் சொன்னார். அவரும் நேரில் பார்த்தவர் இல்லை. சலூனில் பக்கத்து நாற்காலிக்காரர் சொல்லிக் கேட்டதாம். திருவெள்ளறைக்காரர் ஒருவர் தாம்பூலத் தட்டை ஏந்திக்கொண்டு திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரிக்குப் போனாராம். பிரின்சிபால் மேஜைமேல் தட்டை வைத்து, "எங்க பொண்ணை உங்க எடத்துக்குக் கொடுக்கறோம்" என்றாராம். வாட்ச்மேன் அவரைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள, தேங்காய் உருண்டு ரோட்டுக்கு வந்து, டவுன் பஸ்ஸே நின்றுவிட்டதாம்.

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் சிரித்து முடித்ததும் ஒரு கேள்வி மிஞ்சியது. அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்ததா? அதை மைத்துனர் சலூனில் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. என் மகள் பினாங்கில் அடுத்த வருஷம் பள்ளியை முடிக்கிறாள். அவளைத் திருச்சியில் படிக்க வைக்க ஆசை. நான் தமிழிலும் படித்தவன், இங்கிலீஷிலும் படித்தவன். ஆனால் ஒரு கல்லூரி வாசலில் ஒரு தகப்பன் என்ன பேச வேண்டும் என்பது எனக்கு இரண்டிலும் தெரியாது. லீவு முடிந்து கப்பல் ஏறுவதற்குள் தெரிந்துகொண்டாக வேண்டும்.

ஆகவே அந்த 1964-ஆம் வருஷ ஆனி மாதத்தில் ஒரு நாள் திருவெள்ளறைக்குப் பஸ் ஏறினேன். ஆளைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. "காலேஜுக்குத் தட்டு தூக்கினவரா? அழகிரி. அந்தா, வெங்காயப் பட்டறை போட்டுக்கிட்டிருக்காரு" என்று டீக்கடையிலேயே கை காட்டினார்கள்.

அழகிரி சின்ன வெங்காயத்தைக் குவித்து, சுற்றிலும் படல் கட்டி, மேலே கீற்று வேய்ந்துகொண்டிருந்தார். ஒல்லியான, உயரமான மனிதர். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் கீற்றைக் கீழே போட்டார்.

"வாட்ச்மேன் கழுத்தைப் பிடிச்சாரா? யாருங்க அப்படிச் சொன்னது? அவரு எனக்கு ஸ்டூல் போட்டாருங்க. தேங்காய் எங்கயும் உருளல. அது முழுசா உள்ளதான் போச்சு."

"அப்ப தட்டு எடுத்துக்கிட்டுப் போனது நெசம்தானா?"

"அது இல்லாம எப்படிங்க போறது?" என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

வீட்டுக்குள்ளிருந்து வெள்ளையம்மாள் மோரோடு வந்தார். அழகிரியின் மனைவி. அவர் வந்தபிறகுதான் கதை ஒழுங்காக நகர்ந்தது.

அவர்களுடைய ஒரே மகள் மயிலம்மாள். மண்ணச்சநல்லூர் பள்ளிக்கூடத்தில் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள். அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. பெண் ஹாஸ்டலில் தங்க வேண்டும். அதாவது வேறு வீட்டில் போய் இருக்க வேண்டும். பெண்ணை வேறு வீட்டுக்கு அனுப்புவது என்றால் அவர்களுக்குத் தெரிந்த முறை ஒன்றுதான். அந்த முறைப்படி மாசி மாதமே விசாரிக்கக் கிளம்பிவிட்டார்கள்.

"மாப்பிள்ளை வீட்டைப் பத்தி அவுங்க சொந்தக்காரங்ககிட்டயா கேப்போம்? பால் ஊத்தறவன், துணி வெளுக்கறவன், இவுங்ககிட்டதானேண்ணே கேப்போம்" என்றார் வெள்ளையம்மாள்.

அழகிரி கல்லூரி விடுதிக்குப் பால் ஊற்றுகிறவரைத் தெருமுனையில் மடக்கியிருக்கிறார். "அந்த வீட்டுல மாமியா எப்படிங்க?" என்று கேட்டிருக்கிறார்.

"எந்த வீட்டுலங்க?"

"இந்தப் பெரிய வீட்டுலதான். பொம்பளப் புள்ளைங்க தங்கியிருக்குதுங்களே."

"அட, வார்டனம்மாவா? அமிர்தம்மா. பொல்லாத கறாரு. ஒரு சொட்டு நாக்குல வச்சா எவ்வளவு தண்ணின்னு சொல்லிடும். ஒம்போது மணிக்குக் கேட்டைப் பூட்டினா எமன் வந்தாலும் தொறக்காது."

இதைச் சொல்லும்போது அழகிரியின் முகம் மலர்ந்தது. "எனக்கு அப்பவே மனசுக்குப் புடிச்சுப்போச்சுங்க."

வெள்ளையம்மாளுக்கு அது போதவில்லை. ஒரு கூடை வெள்ளரிப்பிஞ்சை எடுத்துக்கொண்டு கல்லூரி வாசலில் வியாபாரத்துக்கு உட்கார்ந்துவிட்டார். உள்ளே போய் வரும் பெண்கள் என்ன உடுத்துகிறார்கள், எப்படிச் சிரிக்கிறார்கள், முகம் வாடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"எல்லாம் நல்ல புள்ளைங்கதாண்ணே. ஓயாம பேசுதுங்க, பசியா இருக்கற மாதிரியும் தெரியல. ஒண்ணுதான் கவலை. ஒருத்திக்கும் பேரம் பேசத் தெரியல. நாலணான்னு சொன்னா நாலணாவைக் குடுத்துட்டுப் போவுதுங்க. இதுதான் அங்க சொல்லிக் குடுக்கறாங்களான்னு இருந்துச்சு."

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். "மயிலு, சிரிக்காதடி" என்று அவர் திரும்பாமலே சொன்னார்.

தேர்வு முடிவு வந்தது. மயிலம்மாள் நல்ல மார்க். அவளுடைய பள்ளிக்கூடத்து ரோசரி டீச்சர்தான் அப்ளிகேஷனை எழுதிக் கொடுத்தார். மூன்று கல்லூரிகளுக்குப் போடச் சொல்லி, மூன்று அப்ளிகேஷன்களையும் தன் கையாலேயே நிரப்பியிருந்தார். அழகிரி ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டையும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"என்ன அழகிரி இது? எல்லாரும் மூணு நாலு எடத்துக்குப் போடறாங்க."

"ஒரு பொண்ணை வச்சுக்கிட்டு மூணு வீட்டுல வாக்குக் குடுக்கறதாங்க டீச்சர்? நாளைக்கு வெளிய தெரிஞ்சா அவளை யாரு மதிப்பா?"

"இது கல்யாணம் இல்லப்பா."

"அதுக்குத்தாங்க இன்னும் ஜாக்கிரதையா இருக்கணும். கல்யாணம்னா நமக்குத் தெரிஞ்ச சமாச்சாரம்."

ரோசரி டீச்சர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம்.

பிறகுதான் தட்டு. பெண் போய் இருக்கப்போகிற இடத்துக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று வெள்ளையம்மாள் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார். அப்ளிகேஷனை வெற்றிலைக்குமேல் வைத்து அதன்மேல் ஒரு எலுமிச்சம்பழமும் வைத்தார். பிரின்சிபால் அம்மாள் தட்டைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்திருக்கிறார். அப்ளிகேஷனை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். இவர்கள் இருவரும் நகரவில்லை. கடைசியில் அவர் எழுந்து நின்று இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டு, "சந்தோஷம்" என்றார்.

அவ்வளவுதான். அழகிரியைப் பொறுத்தவரை தட்டு மாற்றியாயிற்று, பேச்சு முடிந்தது. ஊருக்கு வந்து எல்லோரிடமும் மகளுக்கு இடம் உறுதியாகிவிட்டது என்று சொல்லிவிட்டார். முக்கியமாக, மச்சான் ரங்கசாமியிடம் சொன்னார். ரங்கசாமி, வெள்ளையம்மாளின் அண்ணன். தன் மகனுக்கு மயிலம்மாளைக் கேட்டுக்கொண்டிருப்பவர். "இந்த வருஷம் சேர எடம் இருந்தா படிக்கட்டும் மாப்ள. இல்லேன்னா ஆவணியில முகூர்த்தம். அதுக்கப்புறம் நீங்க ஒண்ணும் சொல்லக் கூடாது" என்பது அவர் போட்ட நிபந்தனை. அழகிரியும் சரி என்று தலையாட்டியிருந்தார்.

முதல் லிஸ்ட் ஒட்டினார்கள். மயிலம்மாள் பெயர் அதில் இல்லை.

இதைச் சொல்லும்போது இருவருமே மெதுவாகப் பேசினார்கள். அன்றைக்கு அழகிரி நேராகப் பிரின்சிபால் அறைக்குப் போய் நின்றாராம். கோபம் இல்லை, அவமானம். "தட்டை வாங்கிக்கிட்டீங்களேம்மா" என்றிருக்கிறார்.

அந்த அம்மாளுக்கு அப்போதுதான் புரிந்திருக்கிறது. சிரிக்கவில்லை. "நான் வாங்கலேன்னா உங்க மனசு கஷ்டப்படும்னுதான் வாங்கினேன். அதுக்கு இப்படி ஒரு அர்த்தம் இருக்கும்னு எனக்குத் தோணலை. வேற எங்கெல்லாம் போட்டிருக்கீங்க?"

"எங்கயும் போடலம்மா."

அவர் லிஸ்டை எடுத்து மறுபடியும் பார்த்தாராம். பிறகு ஒரு வழி சொன்னார். காத்திருப்போரில் மயிலம்மாள்தான் முதலில் நிற்கிறாள். லிஸ்டில் உள்ள ஒரு பெண் இன்னும் பணம் கட்டவில்லை. வெள்ளிக்கிழமை நடுப்பகலுக்குள் அவள் வராவிட்டால் அந்த இடம் மயிலம்மாளுக்கு. வந்துவிட்டால் இல்லை. எதுவானாலும் போன் பண்ணிச் சொல்கிறேன், போன் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அழகிரிக்குத் தெரிந்த ஒரே போன் காந்தி மார்க்கெட்டில் மீரான் வெங்காய மண்டியில் இருந்தது.

"அன்னைலேருந்து அந்தப் பொண்ணுக்காக வேண்டிக்கிட்டிருக்கேன்" என்றார் வெள்ளையம்மாள்.

"வரக் கூடாதுன்னா?"

"சேச்சே! அப்படி வேண்டலாமாண்ணே? அவளுக்கு இதைவிட ஒசந்த காலேஜா, பெரிய ஊர்ல, சீக்கிரமா கெடைக்கணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன்."

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. நானும் வரலாமா என்று கேட்டேன். "வாங்களேன், ஒரு ஆள் தொணைக்கு இருந்தா நல்லதுதான்" என்றார் அழகிரி.

காந்தி மார்க்கெட்டில் பதினோரு மணிக்கு மேல் கூட்டம் குறைந்துவிடும். மீரான் மண்டியில் மூட்டைகளுக்கு நடுவே கல்லா மேஜை. அதன் ஓரத்தில் கறுப்பு டெலிபோன். நான் போனபோது மூன்று பேரும் மூட்டைகள்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மயிலம்மாளை அன்றுதான் முகம் பார்த்தேன். நீலத் தாவணி, அப்பாவின் உயரம். அவள் டெலிபோனைப் பார்க்கவே இல்லை. எதிரே வாழைத்தார் ஏற்றும் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீரான் பாய் கனத்த உடம்புக்காரர். வாய் ஓயாதவர். "வாங்க சார், நீங்களும் மாப்பிள்ளை வீட்டுச் சேதிக்கா?" என்று என்னை வரவேற்றார். "இந்த அழகிரி எத்தனை வருஷமா எங்கிட்ட வெங்காயம் போடறான் தெரியுமா? பக்கத்து மண்டியில ரெண்டு ரூபா கூடன்னாலும் போக மாட்டான். 'வாக்கு பாய்'னுவான். நானும் சந்தோஷமா வாங்கிக்கிட்டேன். ஆனா அந்த வாக்கைக் கொண்டுபோய்ப் படிப்புல வைப்பான்னு நான் கண்டனா? யோவ், எனக்கு அது லாபம்யா. புள்ளைக்கு அது நஷ்டம்யா."

"விடு பாய்" என்றார் அழகிரி.

"என்னத்த விட? எங்கிட்ட மொதல்லயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஊர்ல இருக்கற காலேஜ் அத்தனைக்கும் நானே தூக்கிட்டுப் போயிருப்பேன். தாயி, ஒங்கப்பன் நல்லவன்தான். அதான் சனியன்."

மயிலம்மாள் முதல்முறையாகச் சிரித்தாள். அழகிரி சிரிக்கவில்லை. தரையில் கிடந்த வெங்காயச் சருகைக் காலால் தள்ளித் தள்ளி ஒரு மூலையில் சேர்த்துக்கொண்டிருந்தார். அவர் ஏதோ கணக்குப் போடுகிறார் என்று பட்டது. என்ன என்று கேட்கத் துணிவில்லை.

ஜும்மாவுக்கு நேரமாயிற்று. மீரான் பாய் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார். கணக்குப்பிள்ளையும் அவரோடு கிளம்பினார். "தொழுதுட்டு வந்துடறேன். அடிச்சா எடு. இதைக் காதுல வை, இதுல பேசு. கடிக்காது. இல்லேன்னா சார் இருக்காரு, அவரு இங்கிலீஷ் போன்லாம் பேசியிருப்பாரு."

அவர்கள் போன பிறகு மண்டி அமைதியாகிவிட்டது. தராசுத் தட்டு காற்றில் லேசாக ஆடியது. நேரம் நடுப்பகலைத் தாண்டிவிட்டது. அந்தப் பெண் வந்திருக்கலாம், வராமலும் இருந்திருக்கலாம். எதுவானாலும் அது முடிந்துபோய், இப்போது சேதி மட்டும்தான் வர வேண்டும்.

மணி அடித்தது.

அந்த வெறும் மண்டிக்குள் அது நான் நினைத்ததைவிடப் பெரிய சத்தம். அழகிரி எழுந்தார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். டெலிபோன்வரை போய், அதன் முன்னால் கைகட்டி நின்றார். நான் உதவலாமென்று எழுந்தேன்.

"நீங்க உக்காருங்கண்ணே" என்றார் வெள்ளையம்மாள். பிறகு கணவரிடம், "நீங்களும் எடுக்க வேணாம். எடுத்தா மறுபடியும் சம்பந்தம்தான் பேசுவீங்க. அவ பேசட்டும்."

மயிலம்மாள் மூட்டையிலிருந்து இறங்கினாள். "நான் என்னம்மா சொல்றது?"

"ஒம் பேரைச் சொல்லு. மத்ததை அவுங்க சொல்வாங்க."

அவள் மேஜைப் பக்கம் வந்தாள். அழகிரி விலகி வழி விட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் உள்ளங்கையைத் தாவணியில் துடைத்துக்கொண்டு கையை நீட்டும்போது, அவர் அவசரமாக, "மயிலு, ஒண்ணு" என்றார்.

அவள் கை நின்றது.

"எடம் இல்லேன்னு சொன்னாங்கன்னா, சரிங்கன்னு வச்சுடாத. இன்னும் எந்தெந்தக் காலேஜ்ல அப்ளிகேஷன் வாங்கறாங்கன்னு கேளு. எத்தனை இருந்தாலும் கேளு. ரோசரி டீச்சர்கிட்டப் போயி நானே எல்லாத்துக்கும் எழுதி வாங்கறேன். ரங்கசாமி ஆவணின்னு வந்து கேட்டா அந்த வாக்கை நான் மாத்திக்கறேன்."

"அப்பா—"

"போ. எடு."

டெலிபோன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.