வாயைக் கட்டினால்

கிறிஸ்துமஸுக்கு எங்கள் மன்னார்புரம் வீட்டில் திராட்சை ஒயின் போடுவது என் வேலை. திராட்சையும் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்ந்துவிட்டால் டப்பாவுக்குள் ஒரே ஆர்ப்பாட்டம்தான். நொதிக்கும்போது கிளம்பும் காற்று வெளியேற மூடியில் துளையிட்டு, ஒரு டியூபைச் செருகி, மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டிருந்தேன். குபுக் குபுக்கென்று சத்தம் வந்துகொண்டிருந்தது.

விருந்துக்கு வந்திருந்த என் கணவரின் அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "ஊறுகாய் ஜாடிக்கு யாராவது டியூப் வைப்பாங்களா? இதுவும் அதே மாதிரிதான், வாயைக் கெட்டியா கட்டணும்" என்று டியூபைப் பிடுங்கினார். துளையில் பிசைந்த மாவை அடைத்து, மேலே பாலிதீன் சுற்றிக் கயிற்றால் இறுக்கினார்.

"வெடிச்சிடும் அண்ணி."

"நீ வாயை மூடும்மா."

மூடிக்கொண்டேன்.

மறுநாள் பந்தி நடக்கும்போது, குழம்பு எடுக்க அண்ணி சமையலறைக்குள் போன நேரம் மூடி பறந்தது. சீலிங் முழுக்க ஊதா. அண்ணியின் சந்தன நிறப் பட்டுப்புடவையும் தப்பவில்லை. "இவளுக்கு ஒண்ணும் ஒழுங்கா செய்யத் தெரியாது" என்று கத்தினார். கணவர் என் காதோரம், "விடு, வாயைத் திறக்காதே" என்றார்.

திறந்தேன். "கட்டுனது நான் இல்லை அண்ணி, நீங்க. வெடிக்கும்னு சொன்னது நான்."

கல்யாணமாகி வந்த பிறகு அந்த வீட்டில் நான் பேசிய முதல் எதிர்ப்பேச்சு அதுதான். வானம் இடிந்து விழவில்லை. சோறு ஆறிப்போனது, அவ்வளவே.

சீலிங் கறைக்கு இன்றுவரை வெள்ளையடிக்க நான் விடவில்லை. இந்த வருடமும் டியூபோடுதான் ஒயின் போட்டிருக்கிறேன். நேற்று வந்த அண்ணி, "என்ன சத்தம் அது?" என்று கேட்டார்.

"மூச்சு விடுது அண்ணி. விடட்டும்."