மூன்றாவது பாட்டில் இருமல் மருந்து

2008 மார்ச் 11, காலை 10.20. தேரடி வீதி மருந்துக்கடையில் நின்ற ஐந்து நிமிடத்தில் அப்பா பதினொரு முறை இருமினார்.

சளி இல்லை, காய்ச்சல் இல்லை. மூன்று வாரமாக வறட்டு இருமல், தூக்கமே இல்லை.

கடைக்காரர் எதுவும் கேட்காமல் புது பாட்டிலை எடுத்தார். "இது ஸ்ட்ராங்குங்க, ரெண்டே நாள்ல நின்னுடும்."

"போன ரெண்டு பாட்டிலுக்கும் இதையேதானே சொன்னீங்க?" என்றேன்.

"நீ சும்மா இருடா," என்றார் அப்பா. "அப்படியே என் பிரஷர் மாத்திரை ஒரு அட்டை குடுங்க."

போன மாதம்தான் ஆரம்பித்த மாத்திரையாம். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்திருந்த தாளை வாங்கிப் படித்தேன். பக்கவிளைவுகளில் முதலாவது, வறட்டு இருமல்.

ஆபீஸில் கம்ப்யூட்டர் புரோகிராம் நின்றால், "புதுசா என்ன சேர்த்தீங்க?" என்றுதான் முதலில் கேட்பேன். வீட்டில் கேட்கத் தோன்றவில்லை.

இனி:
1. இன்று மாலையே டாக்டரிடம் போய், மாத்திரையை மாற்ற முடியுமா என்று கேட்பது.
2. அதுவரை அப்பா தானாக மாத்திரையை நிறுத்தாமல் பார்த்துக்கொள்வது.
3. இந்த வலைப்பதிவின் பின்னூட்டத்தில் கஷாயம் சொல்ல வருகிறவர்களிடம், உங்கள் வீட்டில் இருமுகிறவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்பது.