திருச்சுழியிலிருந்து மதுரைக்கு: இமைத் தையலும் மடைச் சாவியும்

சென்ற கார்த்திகையில் மதுரைக்குப் போய், இரண்டு மேலிமைகளிலும் தொங்கிய தோலை வெட்டித் தைத்துக்கொண்டு வந்தேன். பார்வையில் குறை எதுவும் இல்லை. முகம் தூங்கி வழியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஐம்பத்திரண்டு வயதுக் கிராமத்து ஆளுக்கு இது எதற்கு என்று கேட்பவர்களுக்காகக் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் திருச்சுழியிலிருந்து நரிக்குடிப் பக்கம் ஆறு கிலோமீட்டர். கண்மாய்ப் பாசனம். மடையைத் திறக்கும் இரும்புச் சாவியை வருடா வருடம் ஊர்க்கூட்டத்தில் ஒருவரிடம் கொடுப்பார்கள். தண்ணீரைப் பிரிப்பதும், இரவில் திருட்டுத்தனமாகத் திருப்புகிறவர்களைத் தடுப்பதும் அவர் பொறுப்பு. என் இரண்டு ஏக்கர் வாய்க்காலின் கடைசியில், கடைமடையில் இருக்கிறது. முந்தைய வருடக் கூட்டத்தில் நான் சாவியைக் கேட்டேன். பொருளாதாரத்தில் முதுகலை படித்தவன். தண்ணீரைக் கணக்காகப் பிரிக்கத் தெரியும். என் பெரியப்பா மகன் தங்கச்சாமி எழுந்தான். "அண்ணேன் கண்ணு முழிக்கிறதுக்குள்ள கண்மாயே வத்திப்போயிரும். தூங்குமூஞ்சிகிட்டயா சாவியக் குடுக்கப் போறீக?"

ஊரே சிரித்தது. சாவி அவனிடம் போனது. என் நெல் பால் பிடிக்கும் நேரத்தில் கருகியது. பதினோரு வருடம் பாடம் நடத்திய தனியார் கல்லூரியிலும் இதே கதைதான். "ரொம்ப ஓய்ந்துபோய்த் தெரிகிறீர்கள்" என்று சொல்லித்தான் முதல்வர் என்னை நிரந்தரமாக்காமல் அனுப்பினார். இரண்டையும் நான் மறக்கவில்லை. மறக்கும் உத்தேசமும் இல்லை.

பயணத்துக்கு வருவோம். இரண்டு வாரம் முன்பே ஒருமுறை போய் டாக்டரைப் பார்த்து, ரத்தப் பரிசோதனையையும் முடித்திருந்தேன். சிகிச்சை நாளன்று மனைவி மகாலட்சுமியுடன் காலை 5.50க்கு ஊர் பஸ்ஸில் ஏறினேன். திருச்சுழியில் மாறி, பதினைந்து கிலோமீட்டர் தள்ளி அருப்புக்கோட்டை. அங்கே இட்லி. பிறகு காரியாபட்டி வழியாக மதுரை, சுமார் ஐம்பது கிலோமீட்டர். மாட்டுத்தாவணியில் இறங்கும்போது மணி 9.10. மருத்துவமனைக்கு ஆட்டோ 120 ரூபாய்.

"யாருக்குக் காட்ட இந்த அலங்காரம்?" என்று மகாலட்சுமி வழியெல்லாம் கேட்டாள்.

"ஊருக்கு."

"கல்யாணத்தன்னைக்கும் இதே கண்ணுதான. மாப்பிள்ளைக்குக் காச்சலான்னு எங்கம்மா கேட்டாக. அதுக்காக நான் என்ன எந்திரிச்சு ஓடியா போயிட்டேன்?"

டாக்டர் இளைஞர். அழகுக்காகச் செய்வது என்றுதான் எழுதுவேன், இன்சூரன்ஸ் கிடைக்காது என்று ஒளிக்காமல் சொன்னார். மருந்தோடு மொத்தம் 54,000 ரூபாய். இமைக்கு மட்டும் மரத்துப்போக ஊசி; ஒரு மணி இருபது நிமிடத்தில் முடிந்தது. வலி ஊசியில் மட்டும்தான். கத்தரிக்கோல் சத்தம் காதில் விழும், அதற்கு மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். கடைசியில் ஒரு எச்சரிக்கை சொன்னார்: "பத்துப் பதினைஞ்சு நாளைக்குத் தூங்கும்போது இமை முழுசா மூடாது சார். களிம்பு போட்டுக்கிட்டுப் படுங்க. பயப்பட வேண்டாம்."

மறுநாள் காலை மறுபடி காட்ட வேண்டும் என்பதால் லாட்ஜில் தங்கினோம், 900 ரூபாய். திரும்பும்போது கறுப்புக் கண்ணாடியும் வீங்கிய கன்னமுமாக மூவர் இருக்கையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் உட்கார வந்த பெண் மகனின் முகத்தைத் திருப்பினாள். "அவுகளப் பாக்காதடா. மெட்ராஸ் ஐ, ஒட்டிக்கிரும்." மகாலட்சுமி விளக்கம் சொல்ல வாயெடுத்தாள். அவள் கையை அழுத்தினேன். காரியாபட்டியில் கூட்டம் ஏறிப் படிக்கட்டு வரை நின்றது. எங்கள் பக்கத்து இடம் மட்டும் அருப்புக்கோட்டை வரை காலி. இவ்வளவு வசதியாக நான் பஸ்ஸில் போனதே இல்லை.

ஏழாம் நாள் அதே வழியில் போய்த் தையல் பிரித்தேன். பன்னிரண்டாம் நாள் ஊர்க்கூட்டம்.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்து, சாவியைக் கேட்டேன். தோல் இன்னும் இறுக்கமாக இருந்ததால் கண்கள் வழக்கத்தைவிட அகலமாகவே இருந்தன. கடைமடைப் பேச்சியம்மாள்தான் ஆரம்பித்தார்.

"இவுகளுக்குத் தூங்கும்போதும் கண்ணு மூடலயாம்ல. பொஞ்சாதியே எங்கிட்டச் சொல்லுச்சு."

"அப்ப ராத்திரி பூராம் பாத்துக்கிட்டேதான் இருப்பாரா?" என்றது ஒரு குரல்.

"பெறகு? களவாங்கப் போறவன் யோசிச்சுத்தான போகணும்."

தங்கச்சாமிக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, கண்ணத் தைச்சா ஆளு மாறிருவாரா?"

"நீ முழிச்சுப் பாத்த லட்சணந்தான் தெரியுமே. ஓன் வயலு மட்டும் நெறஞ்சு கெடந்துச்சு" என்றார் பேச்சியம்மாள்.

இந்த முறை ஊர் அவனைப் பார்த்துச் சிரித்தது. இமை பதினைந்து நாளில் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னதை விளக்க வாயைத் திறந்தேன். தங்கச்சாமியின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். கை தூக்கச் சொன்னார்கள். எனக்கு முப்பத்தொன்று, அவனுக்கு ஒன்பது. சாவியை அவனே எடுத்து வந்தான்.

"பாத்துப் பிடிங்கண்ணே, கனமா இருக்கும்."

"இருக்கட்டும்ப்பா."

இந்தச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை எதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். துணைக்கு ஆள் வேண்டும். திரும்பி வரும்போது பைக் ஓட்ட முடியாது. ஐஸ் ஒத்தடம் அவசியம். இரண்டு வாரம் குனிந்து மண்வெட்டி பிடிக்க வேண்டாம். கறுப்புக் கண்ணாடியைப் புறப்படும்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அறிவு வளரும் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு முன்பு இருந்த அதே அறிவுதான், அன்றைக்கு அதை யாரும் கேட்கவில்லை.

மாசி வரை ஒருவரும் திருட்டுத்தனமாக மடைப் பக்கம் வரவில்லை. கடைமடை முழுக்கத் தண்ணீர் பாய்ந்தது. எனக்கு நாற்பத்தாறு மூட்டை நெல். தங்கச்சாமியின் வயலுக்கும் அளந்துதான் விட்டேன், ஒரு மணி நேரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இமை பதினெட்டாம் நாளே முழுதாக மூட ஆரம்பித்துவிட்டது. அதை ஊரில் யாருக்கும் சொல்லவில்லை. வெளியே சொல்ல வேண்டாம் என்று மகாலட்சுமியிடமும் சொல்லியிருக்கிறேன். மடை திறந்திருந்த நாட்களிலும் சாவியைத் தலைமாட்டில் வைத்துவிட்டு ஒன்பது மணிக்கெல்லாம் படுத்துவிட்டேன். பல வருடங்களுக்குப் பிறகு, நன்றாகத் தூங்குகிறேன்.